வேலி வழியே வந்த தீ: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2021 டிசம்பர் 30 அன்று மூண்ட மார்ஷல் தீயைப் பற்றி வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். புல்வெளியில் தொடங்கிய அந்தத் தீ சுப்பீரியர், லூயிவில் ஆகிய புறநகர் ஊர்களுக்குள் புகுந்து 1,084 வீடுகளை எரித்தது என்றும், இருவர் உயிரிழந்தனர் என்றும் நான்கு வரியில் பதில் எழுதியிருந்தோம். அந்த நான்கு வரி பலருக்கும் போதவில்லை என்பது வந்து குவிந்த கடிதங்களிலிருந்து தெரிகிறது. ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

பெருங்காடு எதுவும் இல்லாத இடத்தில், அதுவும் டிசம்பர் குளிரில், வெறும் புல்லில் பிடித்த தீ ஊரையே அழித்தது என்பதை நம்ப முடியவில்லை. இத்தனை வசதி படைத்த நாட்டில் அதைத் தடுக்க ஆள் இல்லையா?
— வாசகர், சேலம்

ஆள் இருந்தார்கள், வண்டிகளும் இருந்தன. அவர்களுக்குக் கிடைக்காமல் போனது நேரம்தான். அது ஏன் என்பதைப் புரிந்துகொள்ள, புல்லை முதலில் கவனிக்க வேண்டும்.

ஒரு மரத்தடி ஈரத்தை இழந்து எரியும் பதத்துக்கு வர வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் ஆகும். ஆறு மில்லிமீட்டருக்கும் மெல்லிய புல்லும் சருகும் அப்படியல்ல. காற்றின் ஈரப்பதம் குறைந்தால் ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே அவையும் உலர்ந்துவிடும். குளிர்காலமா கோடைக்காலமா என்பது காய்ந்த புல்லுக்குப் பெரிதாகப் பொருட்டில்லை. அந்த ஆண்டு கொலராடோவின் அப்பகுதியில் வசந்த காலத்தில் நல்ல மழை பெய்து புல் செழித்து வளர்ந்தது. அதன்பின் ஆண்டின் பிற்பாதி முழுவதும் வறண்டு கிடந்தது. டென்வர் நகரில் அளவிடத்தக்க முதல் பனிப்பொழிவு டிசம்பர் 10 அன்றுதான் வந்தது. அந்நகரின் பதிவேடுகளில் முதல் பனி இவ்வளவு தாமதமாக விழுந்ததே இல்லை. வழக்கமாகப் பனிக்கு அடியில் நசுங்கிக் கிடக்க வேண்டிய புல், முழங்கால் உயரத்துக்கு நிமிர்ந்தபடியே காய்ந்து நின்றது.

அதன் மேல் காற்று வந்தது. ராக்கி மலைத்தொடரின் கிழக்குச் சரிவில் அவ்வப்போது மேலிருந்து கீழாகப் பாயும் பலத்த காற்று உண்டு. அன்று அதன் வேகம் சில வீச்சுகளில் மணிக்கு 160 கிலோமீட்டரையும் தாண்டியது. நம் கடற்கரை மாவட்டங்களில் கடும் புயல் கரையைக் கடக்கும்போதுதான் அத்தகைய காற்றைப் பார்த்திருப்போம். புயலோடு மழையும் வரும், இங்கு வந்தது வறண்ட காற்று மட்டுமே. காலை பதினொரு மணிக்குச் சற்றுப் பின்னர் மார்ஷல் என்ற சிறு குடியிருப்புப் பகுதியில் கிளம்பிய தீ, ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் சுப்பீரியர் ஊரின் வீடுகளை எட்டிவிட்டது. டென்வருக்கும் போல்டருக்கும் இடையில் செல்லும் அகன்ற 36ஆம் எண் நெடுஞ்சாலையைத் தாண்டி லூயிவில்லுக்குள் நுழைய அதற்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. அங்காடிகளில் பொருள் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் தள்ளுவண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடினார்கள். லூயிவில்லில் ஒரு மருத்துவமனை, பிறந்த குழந்தைகள் உட்பட எல்லா நோயாளிகளையும் வேறிடத்துக்கு மாற்றியது. எரிந்த நிலப்பரப்பு சுமார் 6,000 ஏக்கர். மேற்கு அமெரிக்காவின் காட்டுத்தீக் கணக்கில் இது மிகச் சிறிய தீ. ஆயினும் அழிந்த வீடுகளின் எண்ணிக்கையில் கொலராடோவின் வரலாற்றில் இதுவே முதலிடத்தில் நிற்கிறது.

தொலைக்காட்சியில் ஒரு காட்சி பார்த்தேன். ஒரு வீடு கொழுந்துவிட்டு எரிகிறது; தீயணைப்பு வண்டி நிற்காமல் அதைக் கடந்து போகிறது. அந்த வீட்டுக்காரர் இதைப் பார்த்தால் மனம் என்ன பாடுபடும்? இது எந்த வகை நியாயம்?
— வாசகி, நாகர்கோவில்

உங்கள் கோபம் இயல்பானது. ஆனால் அந்த வண்டியை ஓட்டியவர் செய்ததே சரி என்பது என் கருத்து.

கணக்கைப் பாருங்கள். ஊருக்குள் பயன்படும் தீயணைப்பு வண்டி ஒன்றின் தொட்டியில் ஏறத்தாழ 1,900 லிட்டர் தண்ணீர் இருக்கும். ஒரு குழாயை முழு வேகத்தில் திறந்தால் நிமிடத்துக்குச் சுமார் 500 லிட்டர் செலவாகும். அதாவது தெருக்குழாயோடு (தீயணைப்புக்கென்று தெருவோரம் அமைத்த குழாய்) இணைக்காவிட்டால் கையில் இருப்பது நான்கு நிமிடத் தண்ணீர். சாதாரண நாளில் ஒரு வீட்டில் தீப்பிடித்தால் அந்த ஒரு வீட்டுக்கு மூன்று நான்கு வண்டிகள் வரும், இருபது முப்பது பேர் வேலை செய்வார்கள். அன்றோ ஒரே வேளையில் நூற்றுக்கணக்கான வீடுகள். கூரை வழியே தீ வெளிவந்துவிட்ட வீட்டுக்குள் நான்கு நிமிடத் தண்ணீரைக் கொட்டினால் அந்த வீடும் பிழைக்காது, பக்கத்து வீடும் பிழைக்காது. அதே தண்ணீரைப் பக்கத்து வீட்டின் சூடேறிய சுவரின் மேலும், புகையத் தொடங்கிய கூரை விளிம்பின் மேலும் செலுத்தினால் ஒரு வீடாவது மிஞ்சும்.

இதற்கும் முன்னால் ஒரு கட்டம் உண்டு. வெட்டவெளியில் புல் எரியும்போது தீயின் முகத்துக்கு எதிரே போய் யாரும் நிற்பதில்லை. ஏற்கெனவே எரிந்து கருகிய நிலத்தில் காலூன்றி, அங்கிருந்து தீயின் இரு பக்கவாட்டையும் பிடித்துக்கொண்டு, வண்டி நகர நகரத் தண்ணீர் அடித்தபடியே முன்னேறுவார்கள். எரிந்த நிலத்தில் மறுபடி எரிய எதுவும் இல்லை என்பதால் தீ திசை மாறினாலும் அங்கே ஒதுங்கிக்கொள்ளலாம். மிதமான காற்றில் இந்த முறையால் பக்கங்களை நெருக்கித் தீயின் தலையை ஒடுக்கிவிட முடியும். மார்ஷலில் அதற்கு வழியே இல்லை. குழாயிலிருந்து பீறிட்ட நீரைக் காற்று சிதறடித்துத் திவலையாக்கிப் பின்பக்கம் வீசியது. பகல் வேளையில் முன்னால் போகும் வண்டியின் விளக்குகூடத் தெரியாத அளவுக்குப் புகையும் புழுதியும் மண்டிக் கிடந்தன. எனவே முதல் சில மணி நேரம் தீயணைப்புத் துறையினரும் காவல் துறையினரும் பெரும்பாலும் செய்தது, வீடு வீடாகக் கதவைத் தட்டி மக்களை வெளியேற்றியதுதான். பல்லாயிரம் பேர் வாழ்ந்த இடத்தில் உயிரிழப்பு இரண்டோடு நின்றதற்கு அந்த முடிவே முதற்காரணம்.

அதன் பிறகு தெருக்களில் நின்று போராடும் வேலை தொடங்கியது. இங்கே சற்று நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் தண்ணீர் அடிப்பது மட்டுமே தீயணைப்பு என்ற எண்ணம் நம்மில் பலருக்கு இருக்கிறது. ஒரு குழு ஒரு தெருவுக்குள் நுழையும்போது அதன் தலைவர் முதலில் பார்ப்பது வெளியேறும் வழியை. வண்டியை முகம் வெளிப்பக்கம் பார்க்கும்படி திருப்பி நிறுத்துவார்கள். தொட்டியில் ஒரு பங்குத் தண்ணீரைத் தங்கள் உயிர்க்காவலுக்கென்று தொடாமல் வைத்திருப்பார்கள். கண்காணிப்பாளர், தகவல் தொடர்பு, தப்பும் வழி, பாதுகாப்பான இடம் ஆகிய நான்கும் உறுதியாகாமல் வேலையைத் தொடங்கக் கூடாது என்பது பால் கிளீசன் என்ற அமெரிக்கக் காட்டுத்தீ வீரர் வகுத்துக்கொடுத்த நெறி.

பிறகு வீடுகளை மளமளவென்று தரம் பிரிப்பார்கள்: எப்படியும் தப்பிக்கும் வீடு, என்ன செய்தாலும் தப்பாத வீடு, கொஞ்சம் உதவினால் தப்பும் வீடு. உழைப்பு முழுவதும் மூன்றாவது வகைக்கே போகும். அந்த உதவி என்ன என்று அருகிலிருந்து பார்த்தால் ஏமாற்றமாகக்கூட இருக்கும். ஒருவர் சங்கிலி ரம்பத்தால் மரவேலியை வீட்டுச் சுவரோடு சேரும் இடத்தில் இரண்டு பலகை அகலத்துக்கு அறுத்துப் பிய்த்து அப்பால் எறிவார். இன்னொருவர் வாசல் கால்மிதியையும் பிரம்பு நாற்காலியையும் தெருவில் வீசுவார். சமையல் அடுப்புக்கான எரிவாயு உருளை சுவரோரம் இருந்தால் அதை அப்புறப்படுத்துவார்கள். பூச்செடிகளின் அடியில் பரப்பியிருக்கும் மரச்சீவலில் ஒரு கங்கு புகைந்துகொண்டிருந்தால் மண்வெட்டியால் அதை வாரிக் கொட்டுவார்கள். கூரையோரத் தகரக் கால்வாயில் தேங்கிய சருகு புகைந்தால் அதற்கு ஒரு வாளித் தண்ணீர் போதும். இரண்டு மூன்று நிமிடங்களில் இவ்வளவையும் முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்வார்கள். நீங்கள் பார்த்த வண்டி அப்படி ஒரு வீட்டை நோக்கித்தான் போயிருக்கக்கூடும்.

இரண்டு பக்கமும் சாம்பல்; நடுவில் ஒரே ஒரு வீடு மட்டும் வண்ணம்கூட மங்காமல் நிற்கிற படத்தைப் பார்த்தேன். தெய்வச்செயல் என்று சொல்வதா, அதிர்ஷ்டம் என்று சொல்வதா?
— வாசகி, புதுச்சேரி

இரண்டையும் நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் பொறியியலுக்கும் கொஞ்சம் இடம் விடுங்கள்.

வீடுகளை எரிப்பது பெரும்பாலும் தீச்சுவர் அல்ல, அதற்கு முன்னால் காற்றில் பறந்து வரும் கங்குகள். அவை கூரை இடுக்கு, பரணுக்குக் காற்று போகும் துவாரம், சுவரோரச் சருகு என்று எங்கே ஒதுங்க இடம் கிடைக்கிறதோ அங்கே ஒதுங்கி, ஊதிவிட ஆள் தேவையில்லாமல் காற்றாலேயே கனன்று பற்றிக்கொள்ளும். அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனம் மரவேலிகளை எரித்துப் பார்த்துச் செய்த சோதனைகளில், வேலிகள் தாமும் எரிந்து, எரியும் துண்டுகளை முன்னோக்கி எறிந்து, வீடு வரை தீயைக் கொண்டுசேர்ப்பது தெளிவாகியிருக்கிறது. திறந்தவெளிப் புல்லையும் கொல்லைப்புறங்களையும் பிரித்து நிற்கும் நீண்ட மரவேலி கொலராடோவின் புறநகர்களில் வெகு சாதாரணம். புல்லில் வந்த தீ வேலியில் ஏறி வீட்டுக்குள் இறங்கியது.

ஒரு வீடு முழுதாகப் பற்றிக்கொண்டபின் கதை மாறிவிடும். அதன் வெப்பம் ஒன்றே சில மீட்டர் தள்ளி நிற்கும் அடுத்த வீட்டின் கண்ணாடியை உடைத்துத் திரைச்சீலையைப் பற்றவைக்கப் போதுமானது. சுப்பீரியரில் சாகமோர் என்ற குடியிருப்பில் வீடுகள் மிக நெருக்கமாக அமைந்திருந்தன. அங்கே ஏறத்தாழ எல்லாமே அழிந்தன. புல்லுக்கு அங்கே வேலை இல்லை. ஒரு வீடே அடுத்த வீட்டுக்கு விறகாயிற்று. ஆகையால் நீங்கள் படத்தில் பார்த்த வீட்டுக்காரரின் முன்யோசனை மட்டுமே அவரைக் காப்பாற்றியது என்று சொல்ல மாட்டேன். காற்று ஒரு கணம் திரும்பியிருக்கலாம், யாரோ நான்கு பேர் அந்தச் சுவரருகே குழாயோடு நின்றிருக்கலாம். இருந்தாலும் சுவரையொட்டிய முதல் ஐந்தடியில் எரியக்கூடிய பொருள் எதுவும் இல்லாமல் வைத்திருப்பவருக்கு வாய்ப்பு கூடுதல் என்பதில் ஐயமில்லை.

தெருக்குழாய்களில் தண்ணீர் வரவில்லை என்று செய்தி வந்ததே, அது நிர்வாகத்தின் மெத்தனம்தானே?
— ஓய்வுபெற்ற பொறியாளர், திருச்சி

உங்களைப் போன்றவருக்கு இது எளிதில் விளங்கும். எரிந்து விழுந்த ஒவ்வொரு வீட்டிலும் தண்ணீர்க் குழாய் உருகியோ முறிந்தோ வாய் திறந்து கொட்டிக்கொண்டிருக்கிறது. நூற்றுக்கணக்கான வீடுகளில் ஒரே நேரத்தில் இப்படிக் கொட்டும்போது, அதே குழாய்த்தொடரில் இணைக்கப்பட்ட தெருக்குழாய்களில் அழுத்தம் எங்கிருந்து வரும்? பலத்த காற்றில் மின்சாரமும் தடைபட்டால் நீரேற்று நிலையங்களும் தடுமாறும். எந்த ஊரின் குடிநீர்த் திட்டமும் ஒரு தெருவில் ஒன்றிரண்டு வீடுகள் எரிவதை மனத்தில் வைத்துத்தான் வடிவமைக்கப்படுகிறது.

லூயிவில் ஊழியர்கள் அன்று எடுத்த ஒரு முடிவைப் பாராட்டியே ஆக வேண்டும். குழாய்களில் அழுத்தம் விழுவதைக் கண்டு, சுத்திகரிக்கப்படாத ஏரித் தண்ணீரையே குடிநீர்க் குழாய்களுக்குள் திறந்துவிட்டார்கள். பின்னால் ஊர் முழுவதும் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டியிருந்தது, குழாய்களைக் கழுவ வேண்டியிருந்தது. ஆனால் அன்று வீரர்களின் கையில் குழாய் வற்றாமல் இருந்தது. இன்னும் சில ஊழியர்கள் எரிந்த வீடுகளின் தண்ணீர் அடைப்பிதழ்களை (வால்வுகளை) தேடித்தேடி மூடினார்கள். தீயணைப்பு வீரர்களின் படங்கள்தான் பத்திரிகையில் வருகின்றன, இவர்களுடையவை வருவதில்லை.

விமானத்திலிருந்து தண்ணீர் ஊற்றியிருக்கலாமே? அல்லது குறுக்கே ஓர் அகழி வெட்டியிருக்கலாமே?
— கல்லூரி மாணவர், ஈரோடு

அந்தக் காற்றில் விமானம் பறக்க முடியாது. பறந்தாலும் ஊற்றிய நீர் தரையை அடையாது. ஆறு தடம் கொண்ட நெடுஞ்சாலையையே தாண்டிய தீயை அகழி நிறுத்தாது. நம் வனத்துறையினர் கோடைக்கு முன் வெட்டும் தீத்தடுப்புக் கோடுகள் பயனுள்ளவையே, மிதமான காற்றில்.

எங்கள் ஊருக்கு மேலே குரங்கணி மலையில் 2018 மார்ச்சில் நடந்தது எங்களுக்கு மறக்காது. அங்கும் எரிந்தது புல்தான். இரண்டுக்கும் ஒற்றுமை உண்டா?
— வாசகர், போடிநாயக்கனூர்

உண்டு. மலையேற்றத்துக்குச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோரை நாம் இழந்த அந்த விபத்தில், காய்ந்த புல்லோடு மலைச்சரிவும் சேர்ந்துகொண்டது. தீயின் நாக்கு மேல்நோக்கிச் சாய்வதால், சரிவில் மேலே நிற்கும் புல் முன்கூட்டியே சூடாகி உலர்ந்துவிடுகிறது. சரிவு பத்துப் பாகை கூடினால் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது ஆஸ்திரேலியத் தீயணைப்புத் துறையினர் பயிற்சியில் சொல்லித்தரும் விதி. மனிதனுக்கோ மேலே ஏற ஏற வேகம் குறைகிறது. மார்ஷலில் இதே வேலையைக் காற்று செய்தது. புல் தீயைக் காட்டுத்தீயைவிட எளியதாக எண்ணிவிடுவது இரு இடங்களுக்கும் பொதுவான ஆபத்து; அதன் சுடர் சிறியது, ஆனால் ஓடி மீள அது இடம் தருவதில்லை.

என் மகன் டென்வருக்கு அருகே ஒரு புறநகரில் வீடு வாங்கியிருக்கிறான். "தீ வந்தால் தோட்டக் குழாயோடு கூரையில் ஏறி நின்றுகொள்வேன், கவலைப்படாதே அம்மா" என்கிறான். கவலைப்படாமல் இருக்க முடியவில்லை.
— ஒரு தாய், மதுரை

கவலைப்படுங்கள், அம்மா, அவரையும் கொஞ்சம் கவலைப்படச் சொல்லுங்கள். தோட்டக் குழாயில் வரும் தண்ணீர் அந்தக் காற்றில் கூரையை நனைக்காது, கூரையில் நிற்பவரைத் தள்ளிவிடும். ஊரார் எல்லோரும் குழாயைத் திறந்துவைத்துவிட்டுப் போனால் தெருக்குழாயில் அழுத்தம் மேலும் குறையும்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் முன்பு, தயாராக இருந்தால் வீட்டிலேயே நின்று காப்பாற்றலாம், இல்லையேல் சீக்கிரம் வெளியேறுங்கள் என்று இரண்டு வழியையும் சமமாகச் சொல்லிவந்தார்கள். 2009 பிப்ரவரி 7 அன்று ஒரே நாளின் தீயில் 173 பேர் மாண்டபின், மிக மோசமான நாட்களில் முன்கூட்டியே வெளியேறுவதே பாதுகாப்பு என்று அறிவுரையை மாற்றிக்கொண்டார்கள்.

உங்கள் மகன் செய்யக்கூடியவை தீ இல்லாத நாட்களுக்கானவை. மரவேலி வீட்டைத் தொடும் இடத்தில் கடைசிச் சில அடிகளை எடுத்துவிட்டு உலோக வாயில் ஒன்று வைக்கச் சொல்லுங்கள். கூரையோரக் கால்வாயில் சருகு தங்காமல் பார்த்துக்கொள்ளட்டும். பரண் துவாரங்களுக்கு நெருக்கமான உலோக வலை போடட்டும். கொல்லைக்கு வெளியே புல்லைப் பத்து சென்டிமீட்டருக்குக் கீழே வெட்டிவைக்கட்டும். வெளியேறச் சொல்லி அறிவிப்பு வந்தால் கடவுச்சீட்டையும் மருந்தையும் எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். அறிவிப்பே வராமல் புகை மட்டும் கண்ணில் பட்டாலும் கிளம்பலாம். அன்று சுப்பீரியரில் அப்படிக் கிளம்பியவர்கள் பலர்.

கடைசியில் தீ வைத்தது யார்? தண்டனை உண்டா?
— வாசகர், திருநெல்வேலி

யாரும் வைக்கவில்லை என்பதுதான் விசாரணையின் முடிவு. போல்டர் மாவட்டத்தின் ஷெரீப் (மாவட்டக் காவல் தலைவர்) அலுவலகம் 2023 ஜூன் மாதம் வெளியிட்ட அறிக்கை, தீ இரண்டு இடங்களில் தனித்தனியே தொடங்கியதாகச் சொல்கிறது. முதலாவது, ஒரு சமயக் குழுவினரின் குடியிருப்பில் ஆறு நாட்களுக்கு முன் குப்பையையும் கட்டைகளையும் எரித்து மண் போட்டு மூடிய இடம். உள்ளே அணையாமல் கிடந்த கனலைக் காற்று தோண்டி வெளியே எடுத்தது. எரித்த அன்று அவர்கள் முறையாகவே நடந்துகொண்டார்கள் என்றும் அறிக்கை குறிப்பிடுகிறது. இரண்டாவது, சுமார் ஒரு மணி நேரம் கழித்து, எக்செல் எனர்ஜி நிறுவனத்தின் மின்கம்பி ஒன்று கம்பத்திலிருந்து பிடி விலகிய இடம். நிறுவனம் இதை ஏற்கவில்லை. குற்ற வழக்கு யார் மேலும் பதிவாகவில்லை. இழப்பீடு கேட்டுத் தொடரப்பட்ட உரிமையியல் வழக்குகளில், பொறுப்பை ஒப்புக்கொள்ளாமலே 2025இல் சுமார் 64 கோடி டாலர் தர அந்நிறுவனம் உடன்பட்டது.

தீ எப்படி அணைந்தது? தப்பிய வீட்டுக்காரர்கள் உடனே திரும்பிவிட்டார்களா?
— வாசகி, தஞ்சாவூர்

அன்று மாலைக்குப் பின் காற்று தணிந்தது. வீரர்கள் அதன்பின்தான் நிலையாக நின்று தீயைக் கட்டுக்குள் கொண்டுவர முடிந்தது. மறுநாள், டிசம்பர் 31 அன்று, பல மாதங்களாகக் காத்திருந்த பனி கனமாகப் பொழிந்தது. இரண்டு நாள் முன்னால் பொழிந்திருக்கக் கூடாதா என்று கேட்காதவர் அங்கே இல்லை.

பனியோடு கடுங்குளிரும் வந்தது. எரிவாயுவும் மின்சாரமும் நிறுத்தப்பட்டிருந்ததால், தப்பிய வீடுகளில் குழாய்களுக்குள் தண்ணீர் உறைந்து வெடிக்கும் நிலை ஏற்பட்டது. எரியாத வீடுகளுக்குள்ளும் சன்னல் இடுக்கு வழியே சாம்பல் புகுந்து படிந்திருந்தது. கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அத்தகைய வீடுகளில் கருவிகளை வைத்து அளந்தபோது, புகையின் வேதிப்பொருட்கள் தீ அணைந்து பல வாரங்கள் ஆகியும் உட்காற்றில் நீடித்ததைக் கண்டார்கள். எரிந்தவை புல்லும் மரமும் மட்டும் அல்லவே. கார், மெத்தை, கணினி, வண்ணப்பூச்சு எல்லாம் சேர்ந்த புகை அது. பலர் மாதக்கணக்கில் வாடகை வீடுகளில் இருந்துகொண்டு, பரணில் அடைத்த வெப்பக்காப்புப் பஞ்சை மாற்றவும் சுவர்களைக் கழுவவும் ஆகும் செலவு காப்பீட்டுக்குள் வருமா வராதா என்று நிறுவனங்களோடு வாதாடினார்கள்.